பம்புசெட்டால் ஊறாத உளுந்து

4,000 வாட் ஜெனரேட்டர் வண்டியிலேயே இருந்தும் பேட்டரி நிறைய ஏன் அரை நாள் ஆகிறது? அமெரிக்காவில் வீட்டையே சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு திரியும் ‘ஆர்வி’ வண்டிகளைப் பற்றி ஒரு வாசகரின் கேள்வி இது. இன்னும் பெரிய ஜெனரேட்டர் போடுங்கள் என்பது விற்பவருக்கு வசதியான பதில். ஜெனரேட்டர் பேட்டரியை நேராகத் தொடுவதே இல்லை. அது தருவது 120 வோல்ட் மாறுமின்சாரம். பேட்டரிக்கு வேண்டியது 12 வோல்ட் நேர்மின்சாரம். நடுவில் கன்வெர்ட்டர் என்ற சார்ஜர் உட்கார்ந்திருக்கிறது. அது 55 ஆம்பியர் வகை என்றால், 14 வோல்ட்டில் பேட்டரிக்குப் போய்ச்சேருவது 770 வாட். அத்தனை பெரிய எஞ்சின் இருப்பது, கூரை ஏசி கிளம்பும் நொடியில் இழுக்கும் கரண்டைத் தாங்குவதற்காக.

அப்படியானால் சார்ஜரைப் பெரிதாக்கலாமே? ஓரளவுக்குத்தான். ஈய-அமில பேட்டரி காலியாகும்போது தகடுகளில் ஈய சல்பேட் படிகிறது. சார்ஜ் ஏற, அந்தப் படிகங்கள் கரைய வேண்டும். தகட்டின் நுண்துளைகளில் பிறக்கும் அமிலம் வெளியே பரவ வேண்டும். மேலாகக் கிடப்பது சீக்கிரம் மாறும். உள்ளே இருப்பது தன் போக்கில்தான். ஊறப்போட்ட உளுந்தை நினைத்துக்கொள்ளுங்கள். சொம்பால் ஊற்றினாலும் பம்புசெட்டால் ஊற்றினாலும் அது குடிக்கிற வேகம் ஒன்றுதான். மிச்சம் வழிந்து தரையில் ஓடும். பேட்டரியில் அப்படி வழிவது, நீர் பிளந்து கொப்பளிக்கும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும். அதனால்தான் நல்ல சார்ஜர் 14.4 வோல்ட்டை ஒட்டி நின்றுகொண்டு, கரண்டைக் குறைத்துக்கொண்டே போகிறது. கடைசி 20 சதவீதம் மணிக்கணக்கில் இழுக்கும். அதன் முடிவில், பழைய குண்டு பல்பு ஒன்றுக்கான மின்சாரத்துக்காக 4,000 வாட் எஞ்சின் பெட்ரோல் குடித்துக்கொண்டிருக்கும். பாதி காலியாகவே மாதக்கணக்கில் போட்டுவைத்தால் சல்பேட் இறுகிவிடும். எத்தனை ஊறினாலும் மசியாத பழைய உளுந்து அது.

இந்த பேட்டரியை 1859இல் பிரான்சின் காஸ்தோன் பிளாந்தே செய்தார். வரலாறு இவ்வளவு போதும். அடிப்படை வேதியியல் அன்றிருந்ததுதான்.

லித்தியம் போட்டால் தீராதா என்று கேட்பார்கள். பாதி தீரும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை, அவல் மாதிரி. ஏறக்குறைய நிறையும்வரை கொடுத்ததைக் குடித்துக்கொண்டே இருக்கும். (உவமை இங்கே நொண்டுகிறது: உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் கெடும், அவலுக்கு அந்தத் தொல்லை இல்லை.) அங்கே பெரிய சார்ஜருக்கு அர்த்தம் உண்டு. ஆனால் 100 ஆம்பியர் சார்ஜரும் சுமார் 1,400 வாட்தான் தரும். இருக்கிற ஜெனரேட்டரே தாராளம். ஈய-அமிலம் வைத்திருப்பவர், காலையில் பேட்டரியின் முதல் பசி அடங்கும்வரை ஜெனரேட்டரை ஓட்டிவிட்டு, மிச்சத்தைக் கூரைச் சூரியத் தகட்டுக்கு விடுவதே கணக்குக்குச் சரி.

முழுக்கக் காலியாகட்டும் என்று மட்டும் காத்திருக்கக் கூடாது. பல வண்டிகளில் ஜெனரேட்டரின் ஸ்டார்ட்டரே அந்த பேட்டரியிலிருந்துதான் கரண்ட் எடுக்கிறது. அது செத்துவிட்டால், வண்டி எஞ்சினின் பேட்டரியைச் சற்று நேரம் கடன் வாங்கித் தர ஓட்டுநர் இருக்கை அருகே ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள்.