வாழைநார் பைப் கம்பெனியில பணம் போடலாமா?

"மச்சி, வாழைநார்ல தண்ணி பைப். பிளாஸ்டிக்குக்கே முடிவு கட்டப் போகுது. 1 லட்சம் போடு, அடுத்த வருஷம் டபுள்!"

இப்படி ஒரு மெசேஜ் வந்தா, உடனே ஜிபே-யைத் திறக்காதீங்க. முதல்ல அந்த பைப் எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்துடுவோம்.

ஐடியா பொய் இல்ல. சணல், வாழைநார், மூங்கில் எல்லாத்துலயும் இருக்கிற செல்லுலோஸ், இழுவிசையை நல்லா தாங்கும். நாரை ரெசின்ல நனைச்சு, உருளை அச்சு மேல சுத்தி இறுக வைச்சா பைப் ரெடி. சீனாவுல மூங்கில் பட்டைகளை இப்படி சுத்தி, தண்ணீர் கொண்டுபோற பெரிய பைப்பே செய்றாங்க.

அப்போ சிக்கல் எங்க? செல்லுலோஸ் தண்ணியை உறிஞ்சும். ஈரம் பட்டா நார் உப்பும், காய்ஞ்சா சுருங்கும். இது திரும்பத் திரும்ப நடந்தா நாருக்கும் ரெசினுக்கும் உள்ள பிடிப்பு விட்டுப்போகும். அதனாலதான் நாரை காஸ்டிக் சோடா கரைசல்ல ஊற வைச்சுக் கழுவுறாங்க. பைப்போட உள்பக்கம், தண்ணி நாரைத் தொடாத மாதிரி தனியா ஒரு அடுக்கும் கொடுக்கணும். அதாவது, பைப்போட ஆயுளை முடிவு பண்றது நார் மட்டும் இல்ல, அந்த உள் அடுக்கும்தான். எபாக்சி, பாலியஸ்டர் மாதிரி ரெசின் பெரும்பாலும் பெட்ரோலியத்துல இருந்து வருது. அதனால "100% இயற்கை"ங்கிற விளம்பரத்தையும் அப்படியே நம்பாதீங்க.

இப்போ அந்த நண்பர்கிட்ட நாலு கேள்வி கேளுங்க:

1. பிவிசி பைப்பை 50 வருஷக் கணக்கு போட்டு டிசைன் பண்றாங்க. உங்க பைப்புக்கு நீண்டகால அழுத்தச் சோதனை ரிப்போர்ட் இருக்கா?

2. குடிநீருக்கான யுபிவிசி பைப்புக்கு ஐஎஸ் 4985 தரம் இருக்கு. உங்க பைப் எந்தத் தரத்துல பாஸ் ஆச்சு?

3. கையில ஆர்டர் இருக்கா, இல்ல சாம்பிள் மட்டும்தானா?

4. பிரைவேட் லிமிடெட் கம்பெனி பொதுமக்களைக் கூப்பிட்டு பங்கு விற்க சட்டத்துல இடமில்ல. அப்போ வாட்ஸ்அப் குரூப்ல எப்படி விக்கிறீங்க?

நாலுக்கும் பேப்பரோட பதில் வந்தாலும், பட்டியலிடப்படாத பங்கை நினைச்ச நேரத்துல விற்க முடியாது. அதனால எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாதீங்க. மொத்தமா போனாலும் வாடகை, இஎம்ஐ பாதிக்காத பணம் இருந்தா மட்டும் யோசிங்க.

நார் பைப் நல்ல ஆராய்ச்சிதான். சோதனை, தரச்சான்று, ஆர்டர்னு பல வருஷம் எடுக்கிற தொழில் அது. "அடுத்த வருஷம் டபுள்"னு சொல்றாங்கன்னா, அவங்க விக்கிறது பைப் இல்லைங்க, உங்க ஆசையை.