ஒரு வேளைச் சாப்பாடும் ஆறு புள்ளிகளும்

தாம்பரத்திலிருந்து கோவளம் வரை, சென்னையின் தெற்கு விளிம்பில் குடியிருப்பவர்களிடம் ஒரு வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. பிள்ளைக்குப் பிறந்தநாள், அப்பாவுக்குத் திதி, கல்யாண நாள் என்று எது வந்தாலும் பக்கத்திலுள்ள ஏதாவது ஓர் இல்லத்துக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டிவிடுவார்கள். பார்வையற்ற பெண்பிள்ளைகள் தங்கும் விடுதி, அதையும் கன்னியாஸ்திரிகள் நடத்துகிறார்கள் என்றால் மனம் இன்னும் கொஞ்சம் இளகும். ‘பாவம், கண்ணில்லாத பிள்ளைகள்’ என்று சொல்லி வடை பாயசம் பரிமாறிவிட்டு வரும்போது நமக்கும் ஒரு நிறைவு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த விடுதி எதற்காக இருக்கிறது என்பதைத்தான் நாம் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. அங்கே இருக்கும் பெண்களில் பலருக்கு வீடு உண்டு, அம்மா அப்பா உண்டு, பசிக்குச் சோறும் உண்டு. ஊரில் அவர்களுக்குக் கிடைக்காமல் போனது எழுத்து. அதைத் தேடித்தான் வீட்டை விட்டு வருகிறார்கள். ஆகவே இப்படிப்பட்ட இல்லத்தைத் தர்ம சத்திரமாகப் பார்க்காமல் பள்ளிக்கூடமாகப் பார்க்க வேண்டும், பள்ளிக்கூடத்தை எடைபோடும் தராசிலேயே எடைபோட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

எழுத்து என்றால் எப்படிப்பட்ட எழுத்து? பிரெயில் சிலேட் என்பது கீல் வைத்து இணைத்த இரண்டு தகடுகள். நடுவே கெட்டித் தாளைச் செருகி, மேல்தகட்டில் வரிசையாக இருக்கும் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் ஓர் ஊசியால் குத்த வேண்டும். ஒரு கட்டத்தில் ஆறு புள்ளிகளுக்கு இடம் உண்டு. அவற்றைக் கூட்டியும் குறைத்தும் 63 வடிவங்கள் கிடைக்கும். குத்துவது தாளின் பின்பக்கத்தில். புள்ளி மேலெழும்புவது முன்பக்கத்தில். அதனால் எழுதும்போது வலமிருந்து இடமாக, கண்ணாடியில் தெரிவதுபோல் புரட்டி எழுத வேண்டும். தாளைத் திருப்பியதும் இடமிருந்து வலமாக விரல் படிக்கும். ‘அம்மா’ என்று எழுத அச்சில் மூன்று எழுத்து போதும். பிரெயிலில் அகரத்துக்கு ஒரு கட்டம், மெய்ப்புள்ளிக்கு ஒன்று, மகரத்துக்கு ஒன்று, மறுபடியும் மகரம், அதன் பின்னே ஆகாரம் என்று ஐந்து கட்டம், பதினொரு குத்து. மெய்ப்புள்ளி எழுத்தின் தலைமேல் உட்காராது, எழுத்துக்கு முன்னால் தனிக் கட்டத்தில் நிற்கும். ‘கெ’ என்பதில் கொம்பு முன்னால் வராது, உயிர் எப்போதும் மெய்க்குப் பின்னால்தான். இந்த முறையை வகுத்த லூயி பிரெயில் 1829இல் அதை நூலாக வெளியிட்டார். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் 1951இல் வந்தது. ஐந்து ஆறு வயதில் ஆரம்பித்து, தினமும் பழக்கி, விரல்நுனியில் உணர்வு ஏறினால்தான் இது சரளமாக வரும். அதற்கு, பிரெயில் தெரிந்த ஓர் ஆசிரியர் அன்றாடம் அருகில் இருக்க வேண்டும். தெருவுக்கு ஒரு பார்வையற்ற பிள்ளைகூட இல்லாத ஊரில் அப்படி ஓர் ஆசிரியர் இருப்பாரா? 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் பார்வைக் குறைபாடு உடையவர்கள் 1,27,405 பேர். மாநிலம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் இந்தச் சிறு தொகையில் பள்ளி வயதுப் பிள்ளைகள் ஒரு பகுதிதான். சிதறிக் கிடப்பவர்களை ஓரிடத்தில் கூட்டினால்தான் ஆசிரியரும் புத்தகமும் கட்டுப்படியாகும். விடுதி பிறந்தது இந்தக் கணக்கில்தான்.

பெண்களுக்கென்று தனியாக எதற்கு என்ற கேள்விக்கும் அதே மக்கள்தொகைக் கணக்கில் பதில் இருக்கிறது. நாட்டில் உள்ள மாற்றுத்திறனாளி ஆண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 62 சதவீதம். பெண்களில் 45 சதவீதம்தான். பார்வையற்ற பையனைப் பஸ் ஏற்றி அனுப்பும் வீடு, பார்வையற்ற பெண்ணை வாசல் தாண்ட விடுவதில்லை. ‘எங்கேயாவது விழுந்து வைப்பாள்’, ‘யாராவது ஏதாவது செய்துவிட்டால்?’ என்ற பயம் பெற்றோருக்கு நியாயமானது. ஆனால் அந்தப் பயத்தின் விலையை அந்தப் பெண் வாழ்நாள் முழுக்கக் கொடுக்கிறாள். பெண்களே நடத்தும், பெண்கள் மட்டுமே தங்கும் விடுதி அந்தப் பயத்தைக் கொஞ்சம் தணிக்கிறது. மேலும், பார்வையற்ற பெண் கற்க வேண்டியதில் பாதி, பள்ளி மணி அடித்த பிறகு வருவது. வெள்ளைக் கோல் பிடித்து மாடிப்படி இறங்குவது, சுடுகஞ்சியைக் கை சுடாமல் வடிப்பது, மாதவிலக்கு நாட்களில் தன்னைத் தானே பார்த்துக்கொள்வது எல்லாம் பாடப்புத்தகத்தில் இல்லை. ரூபாய் நோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது புழங்கும் புதிய 100 ரூபாய்த் தாள் 142 மில்லிமீட்டர் நீளம், 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. வித்தியாசம் நான்கு நான்கு மில்லிமீட்டர்தான். விரலிடுக்கில் வைத்து அந்த நாலு மில்லிமீட்டரைக் கண்டுபிடிக்கப் பழகாத பெண், கடைக்காரர் கொடுக்கும் சில்லறையை நம்பித்தான் ஆயுள் முழுவதும் வாழ வேண்டும். இதையெல்லாம் சொல்லித்தர மாலை நான்கு மணிக்கு மேலும் ஆள் வேண்டும்.

அந்த ஆளாகத்தான் சிஸ்டர்கள் வந்து சேர்ந்தார்கள். இந்தியாவில் பார்வையற்றோர் கல்வியைத் தொடங்கி வைத்ததே மிஷனரிப் பெண்கள். 1887இல் அமிர்தசரஸில் ஆனி ஷார்ப், 1890இல் நம் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் என்று முதல் இரண்டு பள்ளிகளும் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த பெண்கள் தொடங்கியவை. அரசு பின்னால் வந்தது. பூந்தமல்லியில் 1931இல் பார்வையற்றோர் பள்ளி வந்தது. பெண்களுக்கென்றே திருச்சி புத்தூரில் அரசு மேல்நிலைப் பள்ளி நடக்கிறது. கத்தோலிக்கக் கன்னியர் நடத்தும் பள்ளிகளில் சென்னைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்தது லிட்டில் ஃபிளவர் கான்வென்ட். இந்த மரபில் மிகத் தெளிவாகச் சிந்தித்தவர் ஒரு போலந்துப் பெண். ரோசா சாட்ஸ்கா 22 வயதில் பார்வையை முழுதாக இழந்தார். வீட்டில் முடங்காமல் பிரெயில் கற்றார். 1918இல் ஒரு கன்னியர் சபையை நிறுவினார். வார்சாவுக்கு அருகே லாஸ்கி என்ற இடத்தில் பார்வையற்றோருக்கான பள்ளியையும் விடுதியையும் எழுப்பினார். போலந்து மொழிக்கு ஏற்றபடி பிரெயிலைத் திருத்தியமைத்தார். பார்வையற்றவர் இரக்கத்துக்குரியவர் அல்லர், உழைத்து வாழக்கூடியவர் என்பதே அவர் கட்டியதற்கெல்லாம் அடித்தளம். 2021இல் திருச்சபை அவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தது. அவருடைய சபைச் சகோதரிகள் இன்று பெங்களூருவில் ‘ஜோதி சேவா’ என்ற பெயரில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்துகிறார்கள். நம் வாதத்துக்கு இதில் முக்கியமானது ஒன்று: அந்த மரபை நிறுவியவரே பார்வையற்ற பெண். விடுதியில் தங்கும் பெண் நாளைக்கு அதை நடத்துபவளாகவும் ஆகலாம் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதலாவது, வலுவானது: பார்வையற்ற பிள்ளைகளைத் தனியே பிரித்து வைப்பதே தவறு, எல்லாரோடும் சேர்ந்து பக்கத்துப் பள்ளியில் படிப்பதுதான் நியாயம் என்பது. இந்தியா 2007இல் ஏற்ற ஐ.நா. உடன்படிக்கை அந்தத் திசையில்தான் நம்மை நடக்கச் சொல்கிறது. இதற்குச் சான்றும் உண்டு. 2019ஆம் ஆண்டின் குடிமைப் பணித் தேர்வில் 286ஆவது இடம் பிடித்த மதுரை பூரண சுந்தரி, பார்வையுள்ள பிள்ளைகளோடு சேர்ந்து படித்தவர். ஆனால் அவருக்குப் பெற்றோர் பாடங்களை வாசித்துக் காட்டினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விடியலுக்கு முன் அப்பா கடலுக்குப் போய்விட, அம்மா மீன்கூடையோடு கிளம்பிவிடும் ஒரு கோவளத்து வீட்டில் யார் உட்கார்ந்து வாசிப்பது? சாதாரணப் பள்ளிகளில் சிறப்பு ஆசிரியர் பற்றாக்குறை தீராததால்தான், தொடக்க வகுப்புகளில் பத்துப் பிள்ளைக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் பதினைந்து பிள்ளைக்கு ஒருவர் என்ற விகிதத்தை 2021இல் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டி வந்தது. எதிர்ப்பக்கச் சான்றும் இருக்கிறது. முழுப் பார்வையிழப்புடன் 2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் அதிகாரியான பெனோ ஸெஃபைன் லிட்டில் ஃபிளவர் கான்வென்ட்டில் படித்து, பிறகு ஸ்டெல்லா மேரிஸுக்கும் லயோலாவுக்கும் போனவர். சிறப்புப் பள்ளி அவரை ஒதுக்கி வைக்கவில்லை. கல்லூரியில் எல்லாரோடும் போட்டி போடத் தயார்செய்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்த இடத்தில் நிதானமாகவே நடந்திருக்கிறது: 6 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளை பக்கத்துப் பள்ளியையோ சிறப்புப் பள்ளியையோ தன் விருப்பப்படி தேர்ந்துகொள்ளலாம், இரண்டிலும் கல்வி இலவசம் என்கிறது 31ஆம் பிரிவு. ஒரு கதவைத் திறக்க மறு கதவை மூட வேண்டியதில்லை. அடிப்படை எழுத்தும் நடமாட்டமும் கைவரும் வரை விடுதி, பிறகு பொதுப்பள்ளி என்பது இரண்டையும் இணைக்கும் பாதை.

இரண்டாவது மறுப்பைப் பலர் மெதுவாகத்தான் சொல்வார்கள்: கன்னியர் நடத்துகிறார்கள் என்றால் பிள்ளைகளை மதம் மாற்றிவிட மாட்டார்களா? இதற்கு நம்பிக்கையைவிடச் சட்டம் நல்ல பதில். அரசு அங்கீகாரமோ நிதியோ பெறும் எந்தக் கல்வி நிலையத்திலும், பெற்றோர் சம்மதமின்றி எந்தப் பிள்ளையையும் வழிபாட்டிலோ மதபோதனையிலோ கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு. அந்த விதியை மீறும் விடுதி யாருடையதாக இருந்தாலும் குற்றவாளிதான். மீறாத விடுதியைச் சந்தேகத்தின் பேரில் மூடினால் இழப்பு அந்தப் பெண்களுக்குத்தான். மாதா கோயிலும் தமீம் அன்சாரி தர்காவும் அருகருகே நிற்கும் கோவளத்தில் இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது மறுப்பு, பாதுகாப்பு. மூடிய சுவருக்குள் யாரும் எதுவும் செய்யலாம், பார்க்க முடியாத பெண் யாரை அடையாளம் காட்டுவாள் என்ற கேள்வியை அலட்சியப்படுத்த முடியாது. சிஸ்டர்கள் என்பதாலேயே தப்பு நடக்காது என்று எழுதிக்கொடுக்கவும் முடியாது. அதனால்தான் 2014ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டமும், 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமும், போக்சோவும் இருக்கின்றன. பதிவு, ஆய்வு, 1098க்குப் பிள்ளையே தனியாகப் பேசக்கூடிய ஒரு தொலைபேசி ஆகியவை இல்லாத இல்லம், எத்தனை புனிதமான பெயர் வைத்திருந்தாலும், நடத்த அனுமதிக்கத் தகுந்ததல்ல. தர்ம சத்திரத்தை யாரும் தணிக்கை செய்வதில்லை. பள்ளிக்கூடத்தைச் செய்தே ஆக வேண்டும்.

கடைசி மறுப்பு இந்தக் காலத்துக்குரியது: செல்போனே வாய்விட்டு வாசித்துக் காட்டும்போது பிரெயில் எதற்கு, விடுதி எதற்கு? திரைவாசிப்பான் மென்பொருள்கள் பெரிய வரம் என்பதில் ஐயமில்லை. இலவசமாகவே கிடைக்கும் என்விடிஏவை எழுதியவர்களே பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள். ஆனால் காது எழுத்துக்கூட்டாது, தமிழில் அறவே கூட்டாது. ‘அரை’யும் ‘அறை’யும் நம்மில் பெரும்பாலோர் வாயில் ஒன்றுதான். ‘ந’வும் ‘ன’வும் காதுக்கு ஒன்றே. ‘பனி’க்கும் ‘பணி’க்கும் வேறுபாடு தெரியும்படி உச்சரிப்பவர் எத்தனை பேர்? பார்த்து எழுதியதால் நாம் தப்பித்தோம். பிரெயிலில் இந்த ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனிப் புள்ளிக்கூட்டு உண்டு. விரல் வித்தியாசத்தை அறிகிறது. கேட்டு மட்டுமே வளர்ந்த பிள்ளைக்குத் தமிழ் தெரியும், தமிழ் எழுத்து தெரியாது. போன் வேண்டும், பிரெயிலும் வேண்டும். கண்ணுள்ள பிள்ளைக்கு வீடியோ இருக்கிறதே என்று அரிச்சுவடியை நாம் நிறுத்திவிடவில்லை.

இப்படிப் பார்த்தால் இல்லம் நடத்துபவர்களிடம் கேட்க வேண்டியவையும் மாறும். கன்னியராகும் இளம்பெண்கள் முன்போல் நிறையப் பேர் வருவதில்லை. தியாகத்தை மட்டும் நம்பி இனி இப்படிப்பட்ட வேலை நடக்காது. இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவான சிறப்பு ஆசிரியருக்கு முறையான சம்பளம் வேண்டும். அதில் அரசின் பங்கு பெரிதாக இருக்க வேண்டும். கோவளத்தை ஒட்டிய முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுகள் ஒருசேர உள்ளவர்களுக்காக மத்திய அரசு 2005இல் தொடங்கிய தேசிய நிறுவனம் இருக்கிறது. அங்கே இருக்கும் நிபுணத்துவம், சுற்றுவட்டாரத்துச் சிறு விடுதிகளுக்கும் பொதுப்பள்ளிகளுக்கும் தவறாமல் போய்ச் சேர வழி செய்வது ஒரு சுற்றறிக்கையில் முடியக்கூடிய காரியம்.

ஆகவே அடுத்த பிறந்தநாளுக்கு இல்லத்துப் படியேறும்போது, சாப்பாட்டுக்குப் பணம் கட்டுவதோடு மூன்று கேள்விகளையும் கேளுங்கள். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒரு பக்கத்தைப் பிரெயிலில் தானாக வாசிப்பாளா? பயிற்சி பெற்ற ஆசிரியர் எத்தனை பேர்? போன வருடம் பிளஸ் டூ முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பெயர் பெயராகப் பதில் வருமானால் அது நல்ல இல்லம். அங்கிருந்து கல்லூரிக்குப் போன பெண்ணுக்குத் தேர்வு எழுத, அவள் சொல்லச் சொல்ல எழுதித்தர ஓர் ஆள் தேவைப்படும். மூன்று மணி நேரத் தேர்வு, அவளுக்குச் சட்டப்படி தரும் கூடுதல் நேரம் ஒரு மணி. ஆக நான்கு மணி நேரம் அந்த ஆளாக நீங்கள் போய் உட்காருங்கள். பாயசத்தைவிட அது நெடுநாள் இனிக்கும்.