காற்று வருமுன் காப்போம்

"நம் நாட்டிற்குப் புயல் வராது" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். நிலநடுக்கோட்டின் அருகே புயல் சுழல்வது அபூர்வம்தான். எனினும் 27.12.2001 அன்று வாமெய் புயல் ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறியது.

சிரம்பான் வட்டாரத் தோட்டங்களில் நாம் அஞ்ச வேண்டியது 'சுமத்ரா' காற்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரை மலாக்கா நீரிணையைக் கடந்து, பெரும்பாலும் விடியலுக்கு முன் வீசி, ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். பால்மரம் வெட்டப் புறப்படும் வேளையும் அதுவே! மேற்கே வானம் கறுத்தால் என் தந்தையார் வாளியைப் போட்டுவிட்டு லயத்துக்குத் திரும்பிவிடுவார். "பாலை நாளைக்கு எடுக்கலாம்" என்பார். ஒருநாள் காற்று ஓய்ந்தபின் சென்று பார்த்தோம்; அவர் வெட்டிக்கொண்டிருந்த நிரையிலேயே மரம் முறிந்து கிடந்தது.

ஆகவே, கூரைமேல் சாயும் கிளைகளை முன்னதாகவே வெட்டுங்கள். ஆணி தளர்ந்த தகரங்களை இறுக்கி அடியுங்கள். திருவிழாவின்போது காற்று எழுந்தால், பந்தலில் உள்ளோரைக் கட்டடத்திற்குள் அழைத்துச் செல்லுங்கள். மரத்தடியில் ஒதுங்காதீர்கள். அறுந்த மின்கம்பியை நெருங்காமல் தெனாகா நேஷனலுக்கு 15454 எண்ணில் அறிவியுங்கள்.

ஆலயக் கூரையைச் செப்பனிட அளிக்கும் நன்கொடையும் திருப்பணியே; அது பல உயிர்களுக்குக் குடையாகும்.