ஹெல்மெட்டில் ஒட்டிய பந்து!

குட்டீஸ்... அமெரிக்கா போய், 'புட்பால் விளையாடலாமா?' என்று கேட்டால், முட்டை வடிவப் பந்து ஒன்றைக் கையில் திணித்து விடுவர். கையில் பிடித்துக் கொண்டு ஓடும் ஆட்டத்துக்கு, 'கால்பந்து' என்று எப்படித் தான் பெயர் வைத்தனரோ!

ஓர் அணிக்கு, 11 பேர். மைதானம், 100 கெஜ நீளம். பந்து வைத்திருக்கும் அணிக்கு, நான்கு வாய்ப்புகள். அதற்குள், 10 கெஜமாவது முன்னேற வேண்டும். முன்னேறினால், மறுபடியும் நான்கு. கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டு போனால், 'டச் டவுன்' ஆறு புள்ளிகள். இது போதும், கதைக்கு வருவோம்.

2007ம் ஆண்டு, செப்டம்பரில் போட்டிகள் துவங்கின. ஓர் அணிக்கு, அப்போது, 16 லீக் ஆட்டங்கள். நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணி, எதிரே வந்த எல்லாரையும் துவைத்து எடுத்தது. பந்தை எறியும் டாம் பிராடி, லீக் ஆட்டங்களில் மட்டும், 50 டச் டவுன்களுக்குப் பந்து எறிந்தார். அதில், 23 ரேண்டி மாஸ் பிடித்தவை. இந்த பிராடி யார் தெரியுமா? 2000ம் ஆண்டு வீரர்கள் தேர்வில், 198 பேரை எடுத்த பிறகே, இவரை எடுத்தனர்!

ஆனால், எதிரணியின் சைகைகளை வீடியோ எடுத்ததற்காக, அந்த செப்டம்பரிலேயே, பேட்ரியாட்ஸ் பயிற்சியாளருக்கு, ஐந்து லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. அதையும் சொல்லாமல் இருக்க முடியாது.

நியூயார்க் ஜயன்ட்ஸ் கதையே வேறு. முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோல்வி. தட்டுத் தடுமாறி, அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்று விட்டனர். டிசம்பர், 29ல் கடைசி லீக் ஆட்டம், பேட்ரியாட்சுடன்! ஜெயித்தாலும், தோற்றாலும் ஒன்று தான் என்பதால், முக்கிய வீரர்களுக்கு ஓய்வு கொடுத்திருக்கலாம். பயிற்சியாளர் டாம் காப்லின் கொடுக்கவில்லை, எல்லாரையும் இறக்கினார். 38 - 35 என்று தோற்றனர். சிலருக்குக் காயம் வேறு. பேட்ரியாட்சுக்கு, 16க்கு, 16 வெற்றி!

'தேவையா இது?' என்று தோன்றும். ஆனால், 'இவர்களோடு நம்மால் மோத முடியும்' என்று, ஜயன்ட்சுக்கு அன்று தான் தெரிந்தது.

அடுத்து, மூன்று நாக் - அவுட் ஆட்டங்கள், மூன்றும் வெளியூரில். கிரீன் பேயில், மைனஸ், 18 டிகிரி குளிர்! லாரன்ஸ் டைன்ஸ் உதைத்த பந்து, இரண்டு முறை குறி தவறியது. கூடுதல் நேரத்தில், 47 கெஜத்திலிருந்து மூன்றாம் முறை உதைத்தார், ஜெயித்தாயிற்று.

பிப்ரவரி, 3, 2008. அரிசோனா மாநிலத்தில், 'சூப்பர் பவுல்' இறுதிப் போட்டி. 18 ஆட்டங்களில், 18 வெற்றியோடு நின்றது பேட்ரியாட்ஸ். 1972ல் மியாமி டால்பின்ஸ் மட்டுமே, கோப்பை வரை ஒரு தோல்வியும் காணாத அணி.

ஆட்டம் முடிய, 1 நிமிடம், 15 வினாடி இருந்தபோது, பேட்ரியாட்ஸ், 14 - 10 என்று முன்னிலையில் இருந்தது. ஜயன்ட்ஸ் வீரர் ஈலை மானிங் கையில் பந்து. எதிரணியினர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தனர். திமிறி வெளியே வந்து, தூரமாய் எறிந்தார். அங்கே, டேவிட் டைரி எகிறிக் குதித்தார். அந்த சீசன் லீக் ஆட்டங்களில், மொத்தமே நான்கு பந்துகள் பிடித்தவர் அவர்! ரோட்னி ஹாரிசன் அவர் கையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். டைரியோ, பந்தை ஒற்றைக் கையால், தன் ஹெல்மெட்டில் அழுத்திக் கொண்டே விழுந்தார். பந்து தரையைத் தொடவே இல்லை.

முப்பத்தைந்து வினாடி மீதமிருக்க, பிளாக்சிகோ பரஸ் டச் டவுன் அடித்தார். 17 - 14, கோப்பை ஜயன்ட்சுக்கு!

அமெரிக்க லீக் போட்டிகளில், டைரி பிடித்த கடைசிப் பந்து அதுதான். பிறகு காயம், 2009ல் வேறு அணியில் ஆடியும், ஒரு பந்து கூட அவர் கைக்கு வரவில்லை.

இன்னொரு விஷயம்... கோப்பை வென்றதும் அணிய, இரு அணிகளுக்கும் முன்கூட்டியே பனியன் அச்சடித்து விடுவர். 'பேட்ரியாட்ஸ் சாம்பியன்' என்று அச்சடித்தவற்றை என்ன செய்வது? நிகரகுவா நாட்டு ஏழைக் குழந்தைகளுக்கு அனுப்பி விட்டனர். அமெரிக்காவில் தோற்ற அணி, அந்தக் குழந்தைகளின் பனியனில் மட்டும் சாம்பியனாக வலம் வந்தது!