பச்சைத் தண்ணியும் பக்குவமும்

நடுவர் அவர்களே! வெந்நீருக்காக வியர்க்க வியர்க்கப் பேசி அமர்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! நார்த்தாமலைப் பெருமக்களே!

தினமும் பச்சைத் தண்ணியில குளிங்கன்னு சொல்ல வந்திருக்கிறேன். உடம்பைக் குளிர்விப்பதால்தான் 'குளித்தல்' என்ற சொல்லே வந்தது என்று சொல்கிற தமிழறிஞர்கள் உண்டு. அப்படிப் பார்த்தால் வெந்நீரில் குளிக்கிறவர் குளிக்கவில்லை, வேகிறார்! (சிரிப்பு)

"பச்சைத் தண்ணி ஊத்தினா காய்ச்சல் வருமே" என்று கேட்டார் எதிரணி அம்மையார். அம்மா, காய்ச்சலைக் கொண்டுவருவது கிருமி. தண்ணீரின் குளிர்ச்சி அல்ல. உங்கள் ஊர் மேலமலையில், விஜயாலய சோழீச்சரத்துக்கு ஏறுகிற வழியில் ஒரு சுனை இருக்கிறது. அதன் தண்ணீருக்கு அடியில், பாறையைக் குடைந்த கருவறையில் ஒரு லிங்கம். பெயர் ஜுரஹரேஸ்வரர், ஜுரத்தைத் தீர்ப்பவர் என்று பொருள். 1857-இல் இராமச்சந்திர தொண்டைமானின் மூத்த ராணியார் சுனையை இறைக்கச் செய்து வழிபட்டதைக் கல்வெட்டு சொல்கிறது. ஜுரம் தீர்க்கிற சாமியே குடியிருப்பது குளிர்ந்த தண்ணிக்குள்ளதான்! (கைதட்டல்)

கைதட்டிட்டீங்க, சரி. அதுக்காக, காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையைத் தூக்கிட்டுப் போய்க் குழாயடியில நிறுத்திடாதீங்க. காய்ச்சலின்போது மூளை உடம்பின் சூட்டளவைத் தானே உயர்த்தி வைத்திருக்கிறது. அப்போது குளிர்ந்த நீரைக் கொட்டினால் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கும், நடுக்கம் எடுக்கும். நடுக்கம் இன்னும் சூட்டை உண்டாக்கும். சாமி தண்ணிக்குள்ள இருக்கலாம்; நோயாளி டாக்டர்கிட்டதான் இருக்கணும்.

அப்போ பச்சைத் தண்ணியால என்ன பயன்? ஹாலந்து நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளிவந்தது. வழக்கமான குளியலின் கடைசியில் 30 விநாடி முதல் 90 விநாடி வரை குளிர்ந்த ஷவரில் 30 நாள் நின்றவர்கள், உடம்பு சரியில்லை என்று லீவு போடுவது 29 சதவீதம் குறைந்தது. ஆனால் அவர்கள் நோயுற்ற நாட்கள் குறையவில்லை! நோய் வந்தது, படுக்கையில் போடவில்லை. 30 விநாடி நின்றவருக்கும் 90 விநாடி நின்றவருக்கும் வித்தியாசமும் இல்லை.

ஆக, பச்சைத் தண்ணி மருந்து இல்லை, ஒரு பழக்கம். குளிர் பட்டதும் மூச்சு இழுக்கிறது, இதயம் விரைகிறது, சோம்பல் ஓடுகிறது. இதே காரணத்தால்தான் இதய நோயாளியும் இரத்த அழுத்தக்காரரும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. வயசான அப்பா வெந்நீர் கேட்டா, விவாதம் பண்ணாம அடுப்பை மூட்டுங்க. அது தோல்வி இல்லை, பக்குவம்.

மற்றவர்கள் காலில் முதல் சொம்பு, பிறகு முழங்கால், இடுப்பு, தோள், கடைசியில் தலை என்று நிதானமாக ஊற்றுங்கள். ஹாலந்துக் குழாயின் குளிர் நம்ம ஊர்ல கிடையாது. சித்திரை வெயிலில் மாடித் தொட்டித் தண்ணி, எதிரணிக்கு அடுப்பில்லாமலே வெந்நீர்! (சிரிப்பு) பயப்பட ஒன்றுமில்லை.

நடுவர் அவர்களே, உடல்நலம் உள்ளவருக்கு அன்றாடம் பச்சைத் தண்ணீர். நோயுற்றவருக்கு மருத்துவர் சொல்கிற தண்ணீர். இந்தத் தீர்ப்பை எங்கள் அணிக்கே தாருங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.