மூன்றாவது இழப்பு வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

"அவளுக்குப் பிள்ளை தங்காதாம்." யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி தெரிந்தெடுத்துக்கொண்டே ஒருவர் மற்றவருக்குச் சொல்லிவிட்டுப் போகிற வசனம் இது. சொன்னவர் வீட்டுக்குப் போய் உலை வைத்துவிடுவார். அந்தப் பெண்தான், நான் என்ன பிழை விட்டேன் என்று இரவிரவாக விழித்திருப்பாள். மருத்துவ பீடமும் பல்கலைக்கழகமும் இயங்கும் சூழலிலேயே இப்படியொரு தீர்ப்பு இவ்வளவு இலகுவாக வழங்கப்படுவது எனக்கு வேதனை தருகிறது. ஏனென்றால் பெரும்பாலான பெண்களைப் பொறுத்தவரை அது பொய்த் தீர்ப்பு.

கருச்சிதைவு அபூர்வமானதல்ல. 2021இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்ட கணக்கின்படி உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2 கோடியே 30 லட்சம் கருக்கள் சிதைகின்றன. பெண்களில் 10.8 வீதமானோருக்கு அது ஒரு தடவை நேர்கிறது. இரண்டு தடவை என்றால் 1.9 வீதம், மூன்று அல்லது அதற்கு மேல் என்றால் 0.7 வீதம். ஒரு தடவை நடந்தது பெரும்பாலும் தற்செயல். அடுத்தடுத்து நடக்கும்போதுதான் காரணம் தேட வேண்டியிருக்கிறது.

எத்தனை இழப்புக்குப் பிறகு தேடத் தொடங்குவது என்பதில் நிபுணர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பிரித்தானிய மகப்பேற்று நிபுணர்களின் றோயல் கல்லூரி மூன்று என்கிறது. ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கம் இரண்டே போதும் என்கிறது. என் வாக்கு இரண்டுக்குத்தான். 35 வயதைத் தாண்டியவளிடம் "இன்னொருக்கா பாப்பம்" என்று சொல்வது அவளுக்கு இருக்கிற கொஞ்சக் காலத்தையும் பறிப்பது. இருபதுகளில் பத்தில் ஒன்றாக இருக்கும் இழப்பு, நாற்பதைத் தாண்டினால் ஏறக்குறைய இரண்டில் ஒன்றாகிவிடுகிறது.

பல வீடுகளில் அலுமாரியின் அடித்தட்டில் ஒரு பிளாஸ்ரிக் பைல் கிடக்கும். ஸ்கான் ரிப்போர்ட்டுகள், மங்கிப்போன இரத்தப் பரிசோதனைத் துண்டுகள், ஆஸ்பத்திரி டிக்கெட்டுகள். எடுத்துப் பார்க்க மனம் வராமல் உள்ளே தள்ளி வைத்திருப்பார்கள். காரணம் தேடும் மருத்துவருக்கு அதுதான் முதல் சாட்சி. ஒவ்வொரு தடவையும் எத்தனையாம் கிழமையில் நடந்தது? ஸ்கானில் இதயத்துடிப்பு தெரிந்ததா? நோ முதலில் வந்ததா, நோவே இல்லாமல் கருப்பைக் கழுத்து திறந்துகொண்டதா? துடிப்பே வராமல் ஆறு, ஏழு கிழமையில் நின்ற கருவுக்குக் குரோமோசோம் பிழையே பெரும்பாலும் காரணம். ஆரம்ப கால இழப்புகளில் ஏறக்குறைய பாதி அப்படியானவைதான். 18 அல்லது 20 கிழமையில் நோவில்லாமல் போனதென்றால் கருப்பைக் கழுத்தின் பலவீனத்தைச் சந்தேகிப்பார்கள்; அதற்குத் தையல் போட்டுக் காப்பாற்ற வழி உண்டு.

துடிப்பு நன்றாக இருந்து, பத்துக் கிழமைக்குப் பிறகு திடீரென நின்றிருந்தால் கட்டாயம் கேட்க வேண்டியது அன்ரிபொஸ்போலிப்பிட் நோய்க்கான இரத்தப் பரிசோதனை. லண்டனில் கிரஹாம் ஹியூஸ் 1983இல் விவரித்த நோய் இது. உடல் தானே உண்டாக்கும் எதிர்ப்பொருட்கள் இரத்தத்தை உறைய வைத்து, நச்சுக்கொடியின் வேலையைக் கெடுத்துவிடுகின்றன. தொடர்ந்து கரு அழியும் பெண்களில் ஏறத்தாழ 15 வீதமானோரிடம் இது காணப்படுகிறது. ஒரு தடவை செய்த பரிசோதனையை நம்பக்கூடாது. 12 கிழமை கழித்துத் திரும்பவும் செய்து உறுதிப்படுத்த வேண்டும். சிகிச்சை மலிவானது, பழையது: சிறிய அளவு அஸ்பிரினும் ஹெப்பரின் ஊசியும். 1997இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்த ஆய்வில், அஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 வீதமானோருக்கே உயிருள்ள குழந்தை பிறந்தது. இரண்டையும் எடுத்தவர்களில் அது 71 வீதம். (இரண்டையும் மருத்துவர் சொன்னால் மட்டுமே எடுக்க வேண்டும்; பக்கத்து வீட்டுக்காரியின் மருந்தை வாங்கிப் போடக்கூடாது.)

தைரொயிட், கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு, கருப்பைக்குள் இருக்கும் தடுப்புச் சுவர், தாய் தகப்பனின் குரோமோசோம் இடமாற்றம் ஆகியவையும் தேடப்பட வேண்டியவை. கடைசியாகச் சொன்னதற்குக் கணவனின் இரத்தமும் வேண்டும். கிளினிக் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வெளியே நிற்கும் ஆண்களுக்கு இதைச் சொல்கிறேன்: உள்ளே போங்கள்.

வீண் செலவு பற்றியும் சொல்ல வேண்டும். தனியார் ஆய்வுகூடங்களில் 'ரோர்ச்' என்ற பெயரில் பல கிருமிகளுக்கு ஒன்றாகச் செய்யும் பரிசோதனை, தொடர் கருச்சிதைவின் காரணத்தைக் காட்டாது என்று றோயல் கல்லூரி எப்போதோ சொல்லிவிட்டது. கணவனின் வெள்ளணுக்களை மனைவிக்கு ஏற்றுவதும் பரிந்துரைக்கப்படுவதில்லை. மாதக்கணக்காகக் கட்டிலில் படுக்க வைப்பதால் கரு தங்குவதில்லை. கிணற்றில் தண்ணீர் அள்ளியதாலோ, பஸ்ஸில் போனதாலோ, பழுத்த பப்பாசியில் ஒரு துண்டு தின்றதாலோ அது அழிந்ததும் இல்லை.

புரொஜெஸ்ரரோன் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆரி குமாரசாமி தலைமையில் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள் இதற்குப் பதில் தந்தன. காரணம் தெரியாமல் தொடர்ந்து இழந்தவர்களுக்கு அதை முன்கூட்டியே கொடுத்துப் பயனில்லை என்று 2015இல் தெரிந்தது. ஆனால் முன்பு மூன்று அல்லது அதற்கு மேல் இழந்து, இம்முறையும் ஆரம்பத்தில் இரத்தம் பட்ட பெண்களில், மருந்து பெற்றவர்களுக்கு 72 வீதமும் பெறாதவர்களுக்கு 57 வீதமும் குழந்தை பிறந்ததென்று 2019 ஆய்வு காட்டியது. எனவே இரத்தம் பட்டால் விடியட்டும் என்று இருக்கக்கூடாது.

எல்லாம் தேடியும் பாதிப் பேருக்குக் காரணம் கிடைப்பதில்லை. இது கேட்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் இப்படிக் காரணம் தெரியாதவர்களை லிவர்பூலில் பின்தொடர்ந்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், அடுத்த கர்ப்பம் நான்கில் மூன்று பேருக்குக் குழந்தையோடு முடிந்தது. அவர்களுக்குக் கிடைத்ததில் முக்கியமானது அடிக்கடி ஸ்கானும் அன்பான கவனிப்பும்தான்.

அந்தக் கவனிப்பில்தான் நாங்கள் பின்னிற்கிறோம். செத்தவீடு இல்லை, எட்டுச் செலவு இல்லை, அந்தியேட்டி இல்லை. வந்து கையைப் பிடித்து அழ ஒருவருமில்லாத இழப்பு இது. லண்டனில் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், ஆரம்ப கால இழப்புக்கு ஒரு மாதத்தின் பின் 29 வீதமான பெண்களிடமும், ஒன்பது மாதத்தின் பின்னரும் 18 வீதமானோரிடமும் மனவடுவின் அறிகுறிகள் இருந்தன. போரின் மனவடுவைப் பற்றி வாய்திறந்து பேசவும் காதுகொடுத்துக் கேட்கவும் எங்களுக்குக் கற்றுத் தந்தவர் யாழ். மருத்துவ பீடத்தின் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம். அதே காதைத்தான் இந்தப் பெண்களுக்கும் கொடுக்க வேண்டும். மாமிமாரே, "இன்னும் ஒண்டுமில்லையோ" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள்.

நயினாதீவு நாகபூஷணி அம்மனுக்கு நேர்த்தி வைப்பதில் பிழையில்லை. அது மனதுக்குத் தெம்பு. அதே கிழமையில் குடும்பநல உத்தியோகத்தரிடமும் சொல்லுங்கள். ஊரில் மிட்வைஃப் என்று நாங்கள் கூப்பிடுகிறவரே அவர். அவரூடாகச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும், அங்கிருந்து பெரியாஸ்பத்திரி மகப்பேற்று நிபுணரிடமும் போகலாம். அரச கிளினிக்கில் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை.

நிபுணர்களிடமும் ஒரு வேண்டுகோள். மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1857இலேயே மகப்பேற்று மருத்துவ நூலொன்றைத் தமிழில் அச்சேற்றிய மண் இது. ஆங்கில ரிப்போர்ட்டை நீட்டி அனுப்பாமல், என்ன தேடினோம், என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்று ஐந்து நிமிடம் தமிழில் இருந்து சொல்லுங்கள்.

இரண்டு தடவை இழந்தவர்களே, அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே, அந்தப் பைலை எடுத்துக்கொண்டு, கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.