ராப்பலகையும் பிவிசி குழாயும்: நம் பிள்ளைகளுக்குக் கடல்வழி அறிவியல்

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "பிள்ளைக்கு எந்த குரூப்?" என்பதுதான். "ஃபிசிக்ஸ் கஷ்டம்" என்று சொல்லி ஒரே நாளில் முடித்துவிடுகிறோம். அந்த முடிவால் அடைபடும் கதவுகளில் கடல்சார் படிப்பும் ஒன்று. உத்தண்டியில் உள்ள இந்திய கடல்சார் பல்கலைக்கழகத்தில் பி.டெக். மரைன் இன்ஜினியரிங் சேர, பிளஸ் 2வில் இயற்பியல், வேதியியல், கணிதத்தில் சராசரியாக 60 சதவீதம் வேண்டும். நுழைவுத் தேர்வும் உண்டு. மரக்கலம் ஓட்டிய மரைக்காயர்களின் வழிவந்த சமுதாயம் நாம். திருநீர்மலை, பம்மல், அனகாபுத்தூர் பிள்ளைகளுக்கு அந்தப் பல்கலைக்கழகம் எட்டாத தூரத்திலும் இல்லை.

ஃபிசிக்ஸ் பயம் பெரும்பாலும் அதைக் கையால் தொட்டுப் பார்க்காததால் வருவது. அமெரிக்காவில் 2003ல் எம்.ஐ.டி. ஸீ கிராண்ட் அமைப்பு 'ஸீபெர்ச்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. பள்ளி மாணவர்களே நீருக்கடியில் செல்லும் சிறு வாகனத்தைச் செய்து ஓட்டுவார்கள். அதற்குத் தேவையான பொருள்கள் நம் தெரு ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும்: அரை அங்குல பிவிசி குழாய், மிதவைக்கு ஃபோம், மூன்று சிறிய டிசி மோட்டார், 12 வோல்ட் பேட்டரி, ஒயர், சுவிட்ச். மோட்டாரைச் சிறு டப்பியில் வைத்து மெழுகு ஊற்றி அடைத்தால் தண்ணீர் புகாது. இரண்டு மோட்டார் முன்னும் பின்னும் செலுத்தவும் திருப்பவும், ஒன்று மேலும் கீழும் கொண்டுபோக.

குழாயில் ஏன் ஓட்டை போட வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். போடாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று வாகனத்தை மூழ்க விடாது. ஃபோமை மேலேயும் எடையைக் கீழேயும் ஏன் வைக்க வேண்டும்? மாற்றிக் கட்டிப் பார்க்கட்டும், வாகனம் தலைகீழாகப் புரளும். ஆர்க்கிமிடீஸ் விதி அப்போது மனப்பாடப் பகுதியாக இருக்காது. தண்ணீரில் ஏறாமலும் இறங்காமலும் நிற்கும்படி எடையைச் சரிசெய்த பிறகு, 20 லிட்டர் தண்ணீருக்கு 700 கிராம் உப்பு கரைத்தால் ஏறக்குறைய கடல்நீரின் உப்பளவு வந்துவிடும். அதே வாகனம் இப்போது மேலே வரும். ஆற்றுத் துறைமுகத்திலிருந்து கடலுக்குள் செல்லும் கப்பல் சற்று உயர்ந்து மிதப்பதும் இதே காரணத்தால்தான்.

1993ல் தொடங்கப்பட்டு, இப்போது பள்ளிக்கரணையில் இயங்கும் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம், மூன்று பேரை 6000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுசெல்ல 'மத்ஸ்யா 6000' வாகனத்தை உருவாக்கி வருகிறது. 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் அதை நீரில் இறக்கிச் சோதித்தார்கள். பிள்ளைகள் டிரம்மில் பார்க்கும் மிதப்பும் சமநிலையும்தான் அங்கும் கணக்கு. அழுத்தம் மட்டும் வேறு: அந்த ஆழத்தில் அது சுமார் 600 மடங்கு.

மோட்டார் வாங்க வசதியில்லையா? ஒரு அட்டையும் நூலும் போதும். நம் முன்னோர் ராப்பலகை என்றும் அரபு மாலுமிகள் கமால் என்றும் அழைத்த கருவி அதுதான். 15ஆம் நூற்றாண்டுக் கடலோடி இப்னு மாஜித் போன்றோர் நட்சத்திர உயரத்தை விரற்கணக்கில் அளந்தார்கள். நட்சத்திரங்கள் கரையிலும் கடலிலும் வழிகாட்டுவதைக் குர்ஆனும் (6:97) சொல்கிறது. நூலைப் பல்லில் கடித்து, பலகையின் கீழ் விளிம்பை அடிவானத்திலும் மேல் விளிம்பைத் துருவ நட்சத்திரத்திலும் பொருத்த வேண்டும். சென்னை 13 பாகையில் இருப்பதால், 11.5 செ.மீ. அட்டைக்கு நூல் 50 செ.மீ. வரும். அதே அட்டைக்குக் கீழக்கரையில் சுமார் 70 செ.மீ. ஆகும். அந்தந்த ஊருக்கு ஒரு முடிச்சு போட்டால் கடல் வரைபடம் கையில் இருப்பது போல. முக்கோணவியலின் டேன் இங்கே தானாகவே புரியும்.

ஒரு சிக்கல் உண்டு. மெரினாவில் கடல் கிழக்கே, துருவ நட்சத்திரமோ வடக்கே. திருநீர்மலையிலிருந்து வடக்கே பார்த்தால் நகரின் வெளிச்சம்தான் தெரியும். எனவே ஊரில் பாகைமானியில் தூக்குநூல் கட்டி அளந்துகொண்டு, கோடை விடுமுறைக்குச் சொந்த ஊர் போகும்போது ராப்பலகையைக் கையோடு எடுத்துப் போகலாம்.

கோடைக்கால தீனியாத் வகுப்பு நடத்தும் ஜமாஅத்கள் வாரத்துக்கு ஒரு மாலையை இதற்கு ஒதுக்கினால் போதும். பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் சோதனையெல்லாம் பிளாஸ்டிக் டிரம்மில் மட்டுமே. பக்கத்தில்தானே இருக்கிறது என்று ஏரிக்குப் பிள்ளைகளை இறக்கிவிட வேண்டாம். பேட்டரி 12 வோல்ட்டைத் தாண்டவே கூடாது, வீட்டு மின்சாரத்தை நீருக்கு அருகில் கொண்டுவரவே வேண்டாம்.